காலையில் மட்டும் எழாத கம்ப்யூட்டர்

அன்புள்ள சகோதரிக்கு,

குன்னூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாமே ஒரே கம்ப்யூட்டரை நம்பி நடக்கும் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு. அணைத்துப் போட்டு, மறுபடி அணைத்துப் போட்டு, எப்படியோ ஒரு கட்டத்தில் வந்துவிடுகிறது. வந்துவிட்டால் ராத்திரி கடை சாத்தும் வரை ஒரு குறையும் கிடையாது. நடுவில் ரீஸ்டார்ட் கொடுத்தாலும் உடனே வருகிறது. கோவைக்கு அனுப்பிப் பார்த்தீர்கள். அங்கே நன்றாக ஓடியதால் "கம்ப்ளைன்ட் எதுவும் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி அனுப்பினால் "போர்டு வீக், புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். இதே புலம்பலை மழைக்காலத்திலும் மார்கழியிலும் வேறு பல ஊர்க்காரர்களும் எழுதுகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உங்களுக்குத் தனியாக எழுதாமல் இங்கே எழுதுகிறேன்.

கோவைக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை விடியற்காலையில் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே போகும். கோவை 400 மீட்டரைச் சுற்றி. உங்கள் மெஷின் பஸ்ஸில் ஏறி, மேட்டுப்பாளையம் வெயிலில் வெந்து, கடை மேஜைக்கு வருவதற்குள் நோய் தீர்ந்துவிடுகிறது. ராத்திரி முழுக்க அணைந்து கிடந்து, குளிர்ந்து, காலையில் முதல் முறை பட்டனை அழுத்தும் அந்த நேரத்தில்தான் இந்தக் கோளாறு தலைகாட்டும். அதைப் பார்க்க வாய்ப்புள்ள ஒரே ஆள் நீங்கள்தான். ஆகவே விசாரணையும் உங்கள் பொறுப்பு. மெக்கானிக்கிடம் போக வேண்டியது முடிவு தெரிந்த பிறகு.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். முதல் அழுத்தலில் மெஷின் கொஞ்சம் சூடானதும் அன்றைய சாட்சி கலைந்துவிடும். ஒரே காலையில் ரேமைக் கழற்றி, பேட்டரியை மாற்றி, வயரையும் அசைத்துவிட்டால், எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் மறுபடி வந்து நிற்கும். தினம் ஒரு மாற்றம். அதைப் பில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கல்யாணப் பத்திரிகை டிசைன்கள், வாடிக்கையாளர் ஃபைல்கள், கணக்கு அனைத்தையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். நாளைக் காலை ஒருவேளை அது வராமலே போனாலும் நஷ்டம் மெஷினோடு நிற்கும்.

இனி அந்தப் பட்டனைப் பற்றி. அதை அழுத்தினால் கரண்ட் நேராக உள்ளே பாய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய காலத்து கம்ப்யூட்டர்களில் அப்படித்தான் இருந்தது. 1995ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்த பிறகு முன்பக்கப் பட்டன் வெறும் அழைப்பு மணியாகிவிட்டது. சுவரில் சுவிட்ச் போட்டவுடனேயே எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை டப்பாவின் ஒரு சிறு பகுதி விழித்துக்கொண்டு, ஊதா நிற வயரில் 5 வோல்ட்டை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஸ்டேண்ட்பை என்பது அதுதான். நீங்கள் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை வயர் வழியாக "முழுசா கரண்ட் கொடு" என்று கேட்கிறது. எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் எல்லாவற்றையும் கிளப்பி, அவை நிலைப்பட்டதும் சாம்பல் வயரில் "பவர் குட்" என்ற சம்மதத்தைத் தருகிறது. இடைவெளி 100 முதல் 500 மில்லி செகண்ட் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சம்மதம் வரும்வரை பிராசசர் கட்டிப்போட்ட நிலையில்தான் இருக்கும்.

உங்கள் மெஷினில் ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை. ஃபேனுக்குச் சம்மதமெல்லாம் தேவையில்லை. 12 வோல்ட் தள்ளாடிக்கொண்டு வந்தாலும் சுற்றிவிடும். அதனால் "ஃபேன் சுத்துது, எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சம்மதம் வராமலே போயிருக்கலாம். அல்லது கரண்ட் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவசரப்பட்டு வந்திருக்கலாம். இரண்டிலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: சுற்றும் ஃபேன், கருப்புத் திரை.

அப்படியானால் சூடானதும் ஏன் வருகிறது? வீட்டு சீலிங் ஃபேன் சுவிட்சைப் போட்டும் முனகிக்கொண்டு நிற்கும். கம்பால் ஒரு தள்ளு தள்ளினால் சுற்றும். "கண்டன்சர் போச்சு" என்று எலக்ட்ரீஷியன் பார்த்தவுடனே சொல்லிவிடுவார். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளும் கண்டன்சர்கள் இருக்கின்றன. ஃபேனில் உள்ளதைவிட வேறு ஜாதி, வேலையும் வேறு: ஏற்ற இறக்கமாக வரும் கரண்ட்டைச் சமப்படுத்துவது. அந்தச் சிறு உருளைகளுக்குள் எலக்ட்ரோலைட் என்ற திரவத்தில் ஊறிய காகிதம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வருஷக் கணக்கில் அடி ரப்பர் வழியாக அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகிறது. மீதி இருப்பது குளிரில் இன்னும் மந்தமாகிவிடும். உள்தடை ஏறும், கண்டன்சர் தன் வேலையைச் செய்யாது, கரண்ட் அலையடிக்கும். நீங்கள் திரும்பத் திரும்ப ஆன் செய்யும்போது அந்தத் தடையே அதைச் சூடாக்குகிறது. சூடானதும் திரவம் இளகி, கண்டன்சர் பாதி உயிரோடு எழுந்து வேலை செய்ய ஆரம்பிக்கிறது. நாலைந்து தடவை போட்டால் வருகிறது என்று நீங்கள் எழுதிய மர்மம் இவ்வளவுதான்.

கண்டன்சரின் ஆயுள் கணக்கும் சுவாரசியமானது. அதன் உடம்பிலேயே 105 டிகிரி என்று அச்சடித்திருக்கும். சாதாரண ரகத்துக்கு அந்தச் சூட்டில் 2,000 மணி நேரம் என்று கம்பெனி சொல்லும். மூன்று மாதம்கூட ஆகாது. ஆனால் பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும் என்பது இந்தத் தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. 65 டிகிரியில் 32,000 மணி நேரம், 45 டிகிரியில் 1,28,000 மணி நேரம். முன்னது மூன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் கூட. பின்னது பதினாலு வருஷத்துக்கும் மேல். உள்ளே தூசி அடைத்து, ஃபேன் சரியாகச் சுற்றாமல், எஸ்எம்பிஎஸ் இருபது டிகிரி கூடுதலாகச் சூடாகிக் கிடந்தால் எத்தனை வருஷம் பறிபோகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மெஷினுக்கு எட்டு ஒன்பது வருஷம் ஆகிறது என்கிறீர்கள். ஜெராக்ஸ் கடைத் தூசியில் அது பெரிய வயசு.

சோதனையைச் சுவர் சுவிட்சிலிருந்து ஆரம்பிப்போம். கடை சாத்தும்போது எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, மெயினையும் இறக்கிவிட்டுப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான், அதில் தப்பில்லை. இடி விழும் மலையில் அதுதான் நல்லதும்கூட. ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய ரிப்பேர் குறிப்புகளில் பெரும்பாலானவை, சுவர் சுவிட்ச் எப்போதும் ஆனிலேயே இருக்கும் என்று நினைத்து எழுதப்பட்டவை. அதனால் நம்முடைய பாதிக் கதை அவற்றில் இருக்காது. மெயினை இறக்கியதும் அந்த ஸ்டேண்ட்பை பகுதியும் செத்துவிடுகிறது. அதிலுள்ள சின்ன கண்டன்சர்கள், இருந்த கொஞ்சநஞ்சச் சூட்டையும் விட்டுவிட்டு, காலையில் சில்லென்று இருக்கின்றன. கடிகார பேட்டரிக்கும் ராத்திரி முழுக்கத் தனியாகப் பாரம்.

இடி மின்னல் இல்லாத ஒரு ராத்திரியாகப் பார்த்து, கம்ப்யூட்டரை வழக்கம்போல் ஷட்டவுன் செய்துவிட்டு அதன் சுவிட்சை மட்டும் ஆனிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மறுநாள் காலை ஒரே அழுத்தலில் வந்தால், சந்தேகம் இரண்டாகச் சுருங்கிவிடுகிறது: எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டேண்ட்பை பகுதி, அல்லது பேட்டரி. வராவிட்டால் இரண்டும் விடுதலை என்று அர்த்தமில்லை. தேடும் வட்டம் கொஞ்சம் பெரிது என்று அர்த்தம். காசு செலவில்லாத சோதனை இதைப்போல வேறு கிடையாது.

பேட்டரி என்று சொன்னது மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல் பதிந்திருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் செல். அது போய்விட்டால் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும்: தேதி பழைய வருஷத்துக்கு ஓடிப்போயிருக்கும், அரசு தளங்களைத் திறந்தால் பாதுகாப்பு எச்சரிக்கை வரும், ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தச் சொல்லி ஒரு வரி நிற்கும். இவற்றில் எதையாவது பார்த்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், பெரிய காசும் இல்லை. சில போர்டுகள் பலவீனமான செல்லைவிட செல்லே இல்லாமல் நன்றாகக் கிளம்பும். அது வேடிக்கைதான் என்றாலும் உண்மை.

அடுத்த காலைக்குப் பொறுமைச் சோதனை. பட்டனை ஒரே தடவை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் நில்லுங்கள். பட்டா சிட்டா எடுக்க வந்தவர் முறைத்தாலும் பரவாயில்லை. செட்டிங் எல்லாம் அழிந்துபோன போர்டு ரேமை முதலிலிருந்து பழகிப் பார்க்கும். டிடிஆர்5 போட்ட புது மெஷின்களில் அதற்குச் சில நிமிஷம்கூட ஆகலாம். உங்களுடையது பழையது, அவ்வளவு ஆகாது. இருந்தாலும் இருபது செகண்டில் பொறுமை இழந்து அணைப்பவர்கள்தான் அதிகம், அதனால் சொல்கிறேன். அந்த ஐந்து நிமிஷத்தில் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது. படம் மட்டும்தான் வரவில்லை.

ஐந்து நிமிஷம் கழிந்தும் கருப்பாகவே இருந்தால், பெரிய பட்டனைத் தொடாமல் பக்கத்தில் இருக்கும் குட்டி ரீசெட் பட்டனை ஒரு தட்டுத் தட்டுங்கள். கேபினட்டில் அந்தப் பட்டன் இருந்து, வயரும் மாட்டியிருந்தால் மட்டும்தான் இது ஆகும். இந்தச் சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரீசெட் கரண்ட்டை நிறுத்துவதில்லை, பிராசசரை மட்டும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறது. அந்த நேரத்துக்குள் எஸ்எம்பிஎஸ்ஸின் ஆட்டம் அடங்கியிருக்கும். ரீசெட் தட்டியதும் படம் வந்துவிட்டால், போர்டும் ரேமும் பெரும்பாலும் குற்றமற்றவை. ஆரம்ப நொடியில் கரண்ட் கொடுத்தவர்மேல்தான் என் சந்தேகம் விழும். குட்டிப் பட்டன் இல்லாதவர்கள் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தலாம்; ஆனால் போர்டு முழுசாக விழிக்காத நிலையில் அது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

உங்கள் கடையில் இன்னொரு சந்தேக நபர் இருக்கிறார்: ஜெராக்ஸ் மெஷின். காலையில் அதையும் கம்ப்யூட்டரையும் ஒரே மூச்சில் போடுகிறீர்களா? ஜெராக்ஸ் மெஷினானாலும் லேசர் பிரிண்டரானாலும் உள்ளே ஒரு சூட்டு உருளை உண்டு. ஆன் செய்தவுடன் அது அயர்ன் பாக்ஸ் அளவுக்குக் கரண்ட் இழுக்கும். ஆறிக் கிடக்கும் காலையில் இழுப்பும் நீளும். கடைசி வீட்டு லைனில் வோல்டேஜ் ஏற்கெனவே குறைவாக இருந்தால் டியூப்லைட் மங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒருநாள் கம்ப்யூட்டர் முழுசாக வந்த பிறகே ஜெராக்ஸைப் போடுங்கள். இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கினால் அதை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். லேசர் பிரிண்டரை கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் அதையும். பேட்டரி செத்த யூபிஎஸ் என்று சந்தேகமிருந்தால் ஒருநாள் அதைத் தாண்டி நேராகச் சுவரில் மாட்டிப் பாருங்கள்.

ரேம் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் முதல் வைத்தியம் ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, மாட்டுவது. பல சமயம் சரியாகியும்விடுகிறது. பெருமை ரப்பருக்குப் போய்விடுகிறது. உண்மையில் கழற்றி மாட்டும்போதே பற்கள் உரசிக்கொண்டு படிந்த கறை விலகிவிடும். ரப்பர் தூள் ஸ்லாட்டில் விழுந்து புதுத் தலைவலி கொடுப்பதும் உண்டு, தங்கப் பூச்சும் தேயும். மலை ஈரத்தில் இந்தக் கறை சீக்கிரம் படியும் என்பது நிஜம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்து, காய்ந்த பிறகு இரு பக்கக் கொக்கியும் க்ளிக் என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒருநாள் ஒன்றோடு, மறுநாள் மற்றதோடு. இதையும் காலை முதல் அழுத்தலுக்கு முன்பே செய்ய வேண்டும். சூடான மெஷினில் செய்தால் எதுவும் தெரியாது.

பக்கக் கதவைத் திறக்கும்போதே டார்ச் அடித்து மதர்போர்டின் கண்டன்சர்களையும் பார்த்துவிடுங்கள். பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் உருளைகள். தலையில் கூட்டல் குறிபோலவோ ஆங்கில எழுத்து கே போலவோ கோடு கீறியிருந்தால் திரவ ரகம். உள்ளே வாயு சேர்ந்தால் கிழிந்து வழிவிடட்டும் என்று போட்ட கோடு. தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்தக் கோவைக்காரர் சொன்னது சரி. தலையில் கோடே இல்லாத, பளபளவென்ற குட்டை உருளைகள் என்றால் அவை சாலிட் ரகம். திரவம் கிடையாது, குளிரும் அவற்றைப் பெரிதாகப் பாதிக்காது.

கண்டன்சர் உப்புவதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 2000ஐ ஒட்டிய வருஷங்களில் தைவானில் தயாரான மலிவான கண்டன்சர்கள் கலவைக் கோளாறால் உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, உலகம் முழுக்க மதர்போர்டுகளில் உப்பி வெடித்தன. திருடிய ஃபார்முலாவை அரைகுறையாகக் காப்பியடித்ததால் வந்த வினை என்று அப்போது செய்தி அடிபட்டது. டெல் கம்பெனியும் கண்டன்சர் பழுதான தன் ஆப்டிபிளெக்ஸ் மெஷின்களைச் சரிசெய்ய 2005ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. அந்த அடிக்குப் பிறகு போர்டு கம்பெனிகள் மெல்ல மெல்ல சாலிட் ரகத்துக்கு மாறிவிட்டன. எஸ்எம்பிஎஸ்ஸில், அதிலும் கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில், இன்றும் திரவ ரகம்தான் அதிகம். உங்கள் மெஷினின் வயசைப் பார்த்தால் "போர்டு வீக்" என்பதைவிட "எஸ்எம்பிஎஸ் வீக்" என்று நான் பந்தயம் கட்டுவதற்குக் காரணம் இது.

சூடுதான் காரணமா என்று உறுதி செய்ய ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. சுவிட்ச் அணைந்த நிலையில், ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளி, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஜன்னல் வழியாக மூன்று நான்கு நிமிஷம் ஊதுங்கள். பிறகு சுவிட்சைப் போட்டுப் பட்டனை அழுத்துங்கள். தினம் அடம்பிடிக்கும் மெஷின் அன்றைக்கு மட்டும் முதல் அழுத்தலிலேயே வந்தால், எஸ்எம்பிஎஸ் கையும் களவுமாகப் பிடிபட்டது. மறுநாள் ஊதாமல் போட்டு, மறுபடி வராமல் போகிறதா என்று பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம். மஞ்சள் வயரில் 11.4க்கும் 12.6க்கும் நடுவில், சிவப்பில் 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும். வெளியே போனால் எஸ்எம்பிஎஸ் குற்றவாளி. உள்ளேயே இருந்தால்? மீட்டர் சராசரியைத்தான் காட்டும். அதன் மேல் அடிக்கும் அலை தெரியாது. 5 வோல்ட்டில் 50 மில்லி வோல்ட்டுக்கு மேல் அலை இருக்கக்கூடாது, அதை அளக்க ஆசிலாஸ்கோப் வேண்டும். அதனால் மீட்டர் "சரி" என்று சொல்வதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துக் கடையிலிருந்து நன்றாக ஓடும் எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கி, மாலையிலேயே மாட்டி, உங்கள் கடைக் குளிரிலேயே கிடக்கவிட்டு, காலையில் போட்டுப் பார்ப்பதுதான் நாணயமான சோதனை.

எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள், திறக்கவும் விடாதீர்கள். 230 வோல்ட் உள்ளே போய் 325 வோல்ட் டிசியாகி ஒரு பெரிய கண்டன்சரில் உட்கார்ந்திருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில சமயம் அது இறங்காது. தெரிந்த ஆள் கண்டன்சரை மாற்றித் தருகிறேன் என்றால் மாற்றலாம். தொலைக்காட்சி ரிப்பேர் செய்யும் பெரியவர்கள் இதில் கில்லாடிகள். இருந்தாலும் கடையின் பிழைப்பே அந்த மெஷின் என்னும்போது புதிதாக வாங்குவதைத்தான் நான் சொல்வேன்.

வாங்கும்போது ஸ்டிக்கரில் போட்ட வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத டிடிபி மெஷின் 100 வாட்டைத் தாண்டுவதே அபூர்வம். தக்கை மாதிரி எடையில்லாமல் "450 வாட்" என்று எழுதியிருக்கும் டப்பாவைவிட, 80 பிளஸ் முத்திரையோடு பெயர் தெரிந்த கம்பெனியின் குறைந்த வாட் எஸ்எம்பிஎஸ் மேல். உங்களுடையது பெரிய கம்பெனி தயாரித்த ரெடிமேட் மெஷினாக இருந்தால், பின் அமைப்பு தனியாக இருக்கலாம். பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்கள். வயர்கள் தனியாகக் கழன்று வரும் மாடுலர் ரகத்தில் பழைய வயரைப் புது டப்பாவில் மாட்டிவிடாதீர்கள். கொக்கி பொருந்தும், உள்ளே வரிசை மாறியிருக்கும். ஹார்ட் டிஸ்க் புகைந்துவிடும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கு, உங்கள் காலைத் தொல்லை வேறு மாதிரி இருக்கலாம். கம்பெனி லோகோ வந்து, "பூட் டிவைஸ்" இல்லை என்று எழுத்து நின்று, ரீஸ்டார்ட் செய்ததும் சரியாக வந்தால், ஹார்ட் டிஸ்க் குளிரில் சுழல நேரம் எடுத்துக்கொள்கிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் "ஸ்பின் ரீட்ரை கவுன்ட்" என்ற வரியைப் பாருங்கள். அதன் மூல எண் பூஜ்யமாக இல்லையென்றால் காப்பி எடுத்துவிட்டு எஸ்எஸ்டிக்கு மாறிவிடுங்கள். விண்டோஸ் வட்டம் சுற்றிக்கொண்டே நின்று, ரீஸ்டார்ட்டில் மட்டும் ஒழுங்காக வந்தால், வன்பொருளை விட்டுவிடுங்கள். 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. பாதியை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு மறுநாள் அங்கிருந்தே தொடரும். ரீஸ்டார்ட்தான் முழுசாகப் புதிதாக ஆரம்பிப்பது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" என்பதை எடுத்துவிட்டுப் பாருங்கள். பென் டிரைவையோ கார்டு ரீடரையோ செருகியபடியே விட்டுப் போகிறவர்கள் அதையும் ஒருநாள் எடுத்துவிட்டுப் பார்க்கலாம்.

சகோதரி, உங்களுடைய வரிசை இதுதான்: காப்பி, சுவர் சுவிட்ச், ஐந்து நிமிஷமும் ரீசெட்டும், ஜெராக்ஸைத் தாமதமாகப் போடுவது, பேட்டரி, ரேம், கடைசியில் இரவல் எஸ்எம்பிஎஸ். இரவல் எஸ்எம்பிஎஸ்ஸிலும் காலையில் அடம்பிடித்தால் அப்போது போர்டைப் பற்றிப் பேசுவோம். அதுவரை மெஷினைப் பஸ்ஸில் ஏற்றாதீர்கள். ரீசெட் தட்டிய அன்று என்ன நடந்தது என்பதை மட்டும் மறக்காமல் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்

பி.கு.: மானிட்டர் எத்தனை வருஷப் பழசு என்று நீங்கள் எழுதவில்லை. அதற்குள்ளும் இதே திரவக் கண்டன்சர்கள் உண்டு. கம்ப்யூட்டர் ஒழுங்காக வந்து, மானிட்டர் மட்டும் குளிரில் விழிக்காமல் கிடப்பதும் சகஜம். கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறது, மானிட்டர் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னுகிறது என்றால், மேலே சொன்ன எதையும் தொடும் முன்னால் ஒரு காலை வேறு மானிட்டரை மாட்டிப் பாருங்கள்.